கிரைண்டர்காரர் டெல்லிக்குப் போனார்

சூலூரைத் தாண்டி நொச்சிக்காட்டுப்புதூர் ஸ்டாப்பில் இறங்கினால், தொழிற்பேட்டைச் சாலையின் முனையில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு இரண்டு ஷெட்டுகள் நிற்கும். இடப்பக்கத்து ஷெட் அமிர்தநாதனுடையது. அங்கே தண்ணீர் பம்ப் செய்தார்கள். வலப்பக்கத்து ஷெட் சென்னகேசவனுடையது. அங்கே கிரைண்டர் செய்தார்கள்.

அமிர்தநாதன் தன் பம்புக்கு மனைவி அமலியின் பெயரையே வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் தோட்டம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும், "அமலி இருக்கறவரைக்கும் கவலை இல்லீங்க" என்பார்கள். சென்னகேசவனின் கிரைண்டரைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை. அது ஓடும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் டி.வி.யை அணைத்துவிட்டு வெளியே வந்து நிற்பார்கள்.

இந்த வித்தியாசம் அமிர்தநாதனுக்கு மிக முக்கியம். சென்னகேசவன் நகர்மன்ற உறுப்பினராகி, பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகி டெல்லிக்குப் போனபோது, அமிர்தநாதன் தன்னையே கேட்டுக்கொண்டார்: சத்தம் போடுகிற சாமானைச் செய்தவனுக்கு இவ்வளவு மரியாதை என்றால், சத்தமே இல்லாமல் ஓடுகிற சாமானைச் செய்தவனுக்கு எவ்வளவு கிடைக்கவேண்டும்? அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

எல்லாம் ஒரு மழையில் ஆரம்பித்தது. தொழிற்பேட்டைச் சாலையில் மழைநீர் வடிகால் கிடையாது. மழை பெய்தால் ஊர்த் தண்ணீரெல்லாம் இந்த இரண்டு ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இருவரும் நகராட்சி அலுவலகத்துக்குப் புகார் சொல்லப் போனார்கள். அமிர்தநாதன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு அப்படியே எழுந்து வந்திருந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். சென்னகேசவன் ஒரு கல்யாணத்திலிருந்து நேராக வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

பொறியாளர் திருமூர்த்தி எழுந்து நின்று வெள்ளைச் சட்டைக்கு நாற்காலி போட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் சரிவு, எங்கே கொண்டுபோய் விடலாம் என்று விவரமெல்லாம் சொன்னவர் அமிர்தநாதன். திருமூர்த்தி ஒவ்வொரு பதிலையும் சென்னகேசவனைப் பார்த்துச் சொன்னார்.

"செஞ்சுபோடலாமுங்க. நீங்க எந்தக் கட்சிங்க?"

"கட்சியெல்லாம் இல்லீங்க."

திருமூர்த்தி வருத்தப்பட்டார். "அடடா. நல்லா இருக்கீங்களே."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த சென்னகேசவன் தன் வெள்ளைச் சட்டையையே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்.

"ஏனப்பா கேசவா, யாரூட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார் அமிர்தநாதன்.

"கல்யாணம் இல்லப்பா. சும்மா" என்றார் சென்னகேசவன். அந்தச் 'சும்மா'வைக் கேட்டபோது அமிர்தநாதனுக்கு அடிவயிற்றில் ஏதோ சுருக்கென்றது. பித்தமாக இருக்கும் என்று ஒரு சோடா குடித்தார்.

சென்னகேசவன் மக்கள் தொழில்வளப் பேரவையில் சேர்ந்தார். வடிகால் கொண்டுவருவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டார். நகர்மன்ற உறுப்பினரானார். சொன்ன சொல் தவறாதவர் என்பதால் வடிகாலுக்கான விழாக்களை உடனே ஆரம்பித்துவிட்டார்.

முதலில் பூமி பூஜை. பிறகு அடிக்கல் நாட்டு விழா. பிறகு பணி முன்னேற்ற ஆய்வு. எல்லா விழாவுக்கும் பந்தல் அமிர்தநாதனின் ஷெட்டுக்கு முன்னால்தான் போடுவார்கள், அங்கேதான் வேப்பமர நிழல் இருந்தது. மைக்குக்குக் கரண்டும் அவருடைய ஷெட்டிலிருந்துதான் இழுப்பார்கள். மேடையில் இருக்கிற எல்லோருக்கும் பொன்னாடை போர்த்துவார்கள். போர்த்தியவருக்கு வாங்கியவர் திருப்பிப் போர்த்துவார். பந்தல்காரருக்கும் உண்டு. மைக்செட்காரருக்கும் உண்டு. கரண்ட் கொடுத்தவருக்கு இல்லை.

ஆய்வு விழாவின்போது அந்த அநியாயம் நடந்தது. அமிர்தநாதன் ஒயரைச் சரிபார்க்க மேடையோரம் வந்தார். அந்த நேரம் பார்த்துப் பேரவைத் தொண்டர் ஒருவர் கூட்டத்துக்குள்ளிருந்து பாய்ந்து வந்து, அவருக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்திவிட்டார். பச்சை நிறம், ஓரத்தில் ஜரிகை. அமிர்தநாதன் என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டார். போட்டோகூட எடுத்துவிட்டார்கள்.

"இவரில்லைங்க, திருமூர்த்தி சார் அக்கட்ட நிக்கறாரு" என்று யாரோ சொன்னார்கள்.

தொண்டர், "மன்னிச்சுக்கோங்கண்ணா" என்று மரியாதையாகச் சொல்லி, பொன்னாடையை உருவிக்கொண்டு போய்த் திருமூர்த்திக்குப் போர்த்தினார்.

வாங்காத மரியாதையைப் பற்றி அமிர்தநாதனுக்கு அதுவரை பெரிய கவலை இருந்ததில்லை. வாங்கிப் பறிகொடுத்த பிறகு அவரால் தூங்க முடியவில்லை.

கடைசியாக நடந்தது பணி நிறைவு விழா. அதுவரைக்கும் சாலையில் ஒரு மண்வெட்டி விழவில்லை. கூட்டத்தில் ஒருவர் அதைக் கேட்டே விட்டார். சென்னகேசவன் மைக்கைப் பிடித்தார்.

"சில பேரு கேக்குறாங்க, வடிகால் எங்கீங்கன்னு. நான் பணிவாச் சொல்லிக்கறேன். வடிகால்ங்கறது பூமிக்கு அடியில போறதுங்க. கண்ணுக்குத் தெரிஞ்சா அதுக்குப் பேரு குழி. எங்க பேரவை எங்காவது குழி பறிச்சதாச் சரித்திரம் உண்டுங்களா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஷெட் வாசலில் நின்ற அமிர்தநாதனும் தட்டிவிட்டார். பிறகு தன் கைகளை வெறுப்போடு பார்த்துக்கொண்டார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. நிறைவடைந்த வடிகால் வழியாக வராமல் தண்ணீர் பழைய வழியிலேயே வந்து இரண்டு ஷெட்டையும் நிறைத்தது. அமிர்தநாதன் தன்னுடைய பம்புகளை இறக்கி இரைத்தார். சென்னகேசவன் பேரவை மாநாட்டுக்குச் சென்னை போயிருந்ததால், பக்கத்து ஷெட்டிலிருந்த தண்ணீரையும் அவரே இரைத்தார். மறுநாள் சென்னகேசவன் வந்து இறங்கினார், இரண்டு டி.வி. காமிராக்களோடு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த பம்பின் மேல் ஒரு கையை வைத்தார். இன்னொரு கையால் தண்ணீரைச் சுட்டிக்காட்டினார். பம்பின் மேல் வைத்த கை 'அமலி' என்கிற எழுத்தைச் சரியாக மறைத்திருந்தது.

'வெள்ளத்தை விரட்டிய வேங்கை' என்று அந்தப் படம் ஊரெல்லாம் போஸ்டராக ஒட்டப்பட்டது. அதைப் பார்த்துத்தான் பேரவைத் தலைமை அவருக்கு நாடாளுமன்ற சீட்டைக் கொடுத்தது என்று பேசிக்கொண்டார்கள். அமிர்தநாதன் காலையில் நடைக்குப் போகும்போது ஒவ்வொரு போஸ்டர் முன்பும் நின்றார்.

"ஏனுங்க, அந்த மொகத்த எத்தனை தடவைதான் பாப்பீங்க?" என்று கேட்டாள் அமலி.

"அவன நான் எதுக்குப் பாக்கறேன்? பம்பப் பாக்குறேன் அம்மணி."

"பம்ப் நம்ம ஷெட்லயே இருக்குதுங்களே."

அமிர்தநாதன் அடுத்த போஸ்டருக்கு நடந்தார். ஷெட்டில் இருக்கிற பம்பை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை என்பதை எப்படிச் சொல்வது?

சென்னகேசவன் ஜெயித்து டெல்லிக்குப் போனார். அன்றிலிருந்து அமிர்தநாதன் நாடாளுமன்ற ஒளிபரப்பைப் பார்க்க ஆரம்பித்தார். ஷெட்டில் ஆட்கள் காத்திருப்பார்கள், இவர் டி.வி.யின் மூலையில் கடைசி வரிசையைத் தேடிக்கொண்டிருப்பார். ஒரு நாள் சென்னகேசவன் கொட்டாவி விட்டார். இந்த மனுஷனின் கொட்டாவியைக்கூட இந்தியா முழுவதும் பார்க்கிறதே என்று அமிர்தநாதனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிறகு சென்னகேசவன் அவையில் ஒரு கேள்வி கேட்டார். மீன்பிடித் துறைமுகங்களில் ஐஸ் தட்டுப்பாடு நிலவுவதை அரசு அறியுமா என்பது கேள்வி. கட்சி எழுதிக் கொடுத்தது. தகவல் திரட்டப்படுகிறது என்று அமைச்சர் பதில் சொன்னார். புதூரிலிருந்து கடலுக்குப் போக ஒரு பகல் பிரயாணம் செய்யவேண்டும். ஆனாலும் அவர் ஊர் திரும்பியபோது, 'அவையை அதிரவைத்த அலைகடலே' என்று பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டியிருந்தார்கள். பாராட்டு விழாவில் அவர் சொன்னார்:

"டெல்லியில எங்கிட்டக் கேட்டாங்க, உங்க தொகுதியில கடலே இல்லீங்களேன்னு. நான் சொன்னேன், அந்தக் குறையத் தீர்க்கத்தான் மக்கள் என்னை அனுப்பியிருக்காங்கன்னு."

அன்று வீட்டுக்கு வந்த அமிர்தநாதன் சாப்பிடவில்லை. "இனி இப்படி இருக்க முடியாது" என்றார். தன்னோடு சண்டை போடுகிறாரோ என்று அமலி நினைத்தாள். அவர் பீரோவைத் திறந்து, ஈஸ்டருக்குக் கட்டுகிற வேட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

பேரவைக்கு எதிர்க்கட்சி ஜனநாயக உழைப்பாளர் கழகம். அதன் மாவட்டச் செயலாளர் அழகிரிசாமியின் ஆபீஸ் உக்கடத்தில் ஒரு மாடியில் இருந்தது. உள்ளாட்சித் தேர்தலுக்கு நேர்காணல் நடந்துகொண்டிருந்தது.

"உங்க பட்டம் என்னங்க?" என்று கேட்டார் அழகிரிசாமி.

"டிப்ளமோங்க. மெக்கானிக்கல்."

"அதில்லீங்க. செம்மல், வள்ளல், காவலர்... அந்த மாதிரி?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க."

"பட்டம் இல்லாம எப்படிங்க போஸ்டர் அடிக்கறது? சரி, கேஸ் ஏதாவது இருக்குதுங்களா?"

"சத்தியமா இல்லீங்க" என்றார் அமிர்தநாதன் பெருமையாக.

அழகிரிசாமியின் முகம் வாடியது. "ஒண்ணுகூடவா? மறியல், முற்றுகை... நல்லா யோசிச்சுப் பாருங்க."

அமிர்தநாதன் யோசித்தார். "போத்தனூர்ல ஒருக்கா ஹெல்மெட் இல்லாமப் போயி போலீஸ் நிறுத்தி வெச்சாங்க."

"பாத்தீங்களா! இதச் சொல்லவே இல்லீங்களே. 'அடக்குமுறைக்கு அஞ்சாத' அப்படின்னு போட்டுக்கலாம். பட்டத்துக்கு, 'நீரேற்றுச் செம்மல்'. பிடிச்சிருக்குதுங்களா?"

அமிர்தநாதனுக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. படியிறங்கும்போதே அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கீழே வந்த பிறகு அழகிரிசாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"செம்மல்! ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். உங்க வார்டு இந்தத் தடவை பெண்கள் வார்டுங்க. சீட்டு உங்களுக்குத்தான். பேரு மட்டும் ஊட்டுல அம்மணி பேரு."

"அப்ப நானுங்க?"

"நீங்கதான் எல்லாமே. அவங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். நாடு பூரா அப்படித்தான் நடக்குதுங்க."

அமலி மீன் அலசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு, "கையெழுத்து நாந்தான் போடணுமுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. அது மட்டுந்தான்."

"அப்ப படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்."

"உனக்கு எதுக்கும்மா அந்தச் சிரமம்?" என்றார் அமிர்தநாதன். அவர் உள்ளத்தில் அப்போது பச்சைப் பொன்னாடை ஒன்று தவிர வேறு எதுவும் இல்லை.

பேரவை சார்பில் சென்னகேசவன் தன் மனைவி ராமாமணியை நிறுத்தினார். போட்டி கடுமையாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் தோட்டத்து வீடுகளில் அமலியின் பெயரைச் சொன்னதுமே பெண்கள் வெளியே வந்தார்கள். "அட, நம்ம அமலியா? எங்க கெணத்துக்குள்ள இருக்குதே, அதே அமலிதானுங்களா?" மாலையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்த அமிர்தநாதனை ஒருவர் நிறுத்தி, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். அமிர்தநாதன் தன் பட்டத்தைச் சொன்னார். "அப்படிங்களா, சித்தெ வழி விடுங்க, அவங்களப் பாக்கணும்" என்றார் அந்த மனிதர்.

அமலி ஜெயித்தாள்.

முதல் கூட்டத்தன்று அமிர்தநாதன் அவளுக்கு முன்னால் நகர்மன்ற அறைக்குள் போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். ஊழியர் ஒருவர் பணிவாக வந்து, உறுப்பினர்களின் கணவன்மார்கள் உட்கார வராந்தாவில் பெஞ்ச் போட்டிருப்பதாகச் சொன்னார். அங்கே ஏற்கெனவே சிலர் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தனி டீ, தனி மின்விசிறி.

"உள்ள என்ன பேசணும்ன்னு எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர்.

"குடுத்தேனுங்க. ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டா."

பெஞ்ச் முழுவதும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது.

கதவு திறந்தே இருந்ததால் உள்ளே நடந்தது கேட்டது. அமலி எழுந்து தொழிற்பேட்டை வடிகாலைப் பற்றிக் கேட்டாள்.

பொறியாளர் திருமூர்த்தி எழுந்தார். "அம்மா, அதுக்கு நிறைவு விழாவே முடிஞ்சுபோச்சுங்களே. கணக்குப்படி அங்க வடிகால் இருக்குதுங்க. இருக்கற வடிகால் மேல இன்னொரு வடிகால் கட்ட விதி இடங்குடுக்காதுங்க."

"நேத்து நான் போயிப் பாத்தேனுங்க. ஒண்ணும் இல்லீங்களே."

"பாக்கறது வேறங்க, இருக்கறது வேறங்க."

வராந்தாவில் அமிர்தநாதன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அமலி உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தார். உட்கார்ந்துவிடவேண்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

"சரிங்க" என்றாள் அமலி. "இருக்கற வடிகால் பழுதாயிருந்தா இடிக்கலாமுங்களா?"

"தாராளமா இடிக்கலாமுங்க. பழுதுன்னா என்ன பழுதுங்க?"

"தண்ணி போறதில்லீங்க."

திருமூர்த்தி நகர்மன்றத் தலைவரைப் பார்த்தார். தலைவர் திருமூர்த்தியைப் பார்த்தார். தண்ணீர் போகாத வடிகால் பழுதான வடிகால்தான் என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை. பழுதான வடிகாலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

விழா இல்லாமல் நகராட்சி எதையும் இடிப்பதில்லை. வடிகாலைத் திறந்துவைத்தவர் என்ற முறையில் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அழைப்புப் போனது. சென்னகேசவன் விமானத்தில் வந்து இறங்கினார். வேப்பமர நிழலில் மறுபடியும் பந்தல் போட்டார்கள். இந்தத் தடவை அமிர்தநாதனுக்கு மேடையிலேயே நாற்காலி கிடைத்தது, உறுப்பினரின் கணவர் என்று பின்னால் சீட்டு ஒட்டி.

சென்னகேசவன் கொடியசைத்தார். மஞ்சள் நிற ஜேசிபி முன்னால் வந்து, சாலையோரத்து வெறும் மண்ணின் மேல் தன் கையைத் தூக்கி, இறக்கி, மறுபடியும் தூக்கியது. பட்டாசு வெடித்தார்கள். சென்னகேசவனின் கண்கள் கலங்கின.

"பெத்த பிள்ளையத் தன் கையால..." என்று ஆரம்பித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த வடிகால நான் எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டினேன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு சின்ன விரிசல் உண்டுங்களா? ஒரு கல் பேந்ததுண்டுங்களா? ஒருத்தர் தடுக்கி விழுந்ததுண்டுங்களா? அப்பேர்ப்பட்ட வடிகாலை மக்கள் கேட்டாங்கங்கற ஒரே காரணத்துக்காக இடிக்கச் சம்மதிச்சேன். இனி எந்த எம்.பி.க்காவது இந்த மனசு வருமுங்களா?"

பாதிக் கூட்டம் நெகிழ்ந்துபோனது. அமிர்தநாதனும் நெகிழ்ந்தார். இப்படி ஒரு பேச்சைத் தன்னால் ஏழு ஜென்மம் எடுத்தாலும் பேச முடியாது என்று நினைத்தபோது பழைய சுருக் மறுபடியும் வந்தது.

பேச்சு முடிந்ததும் ஜேசிபி கிளம்பத் திரும்பியது. அமலி மேடையிலிருந்து இறங்கிப் போய் அதன் முன்னால் நின்றாள்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"இடிச்சாச்சுங்களே அம்மா" என்றார் டிரைவர்.

"இடிச்சா இடிபாடு இருக்கணுமில்லீங்க? அத அள்ளுங்க."

திருமூர்த்தி ஓடி வந்தார். இடிபாடு அகற்றும் விழாவுக்குத் தனியாகத் தேதி குறிக்கவேண்டும் என்றார். அமலி வாதம் செய்யவில்லை. குடையை விரித்துக்கொண்டு ஜேசிபிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்தது, அவர்கள் அங்கேயே சாப்பிட்டார்கள். பிற்பகலில் ஜேசிபி தோண்ட ஆரம்பித்தது. மறுநாளும் அமலி குடையோடு வந்தாள். சிமென்ட் வரும்வரை வந்தாள், மூடி போடும்வரை வந்தாள். ஷெட்டில் அமிர்தநாதன் போட்டுக்கொடுக்க ஆளில்லாமல் தானே டீ போட்டுக்கொண்டார். சாலையில் போகிறவர்களெல்லாம் அவளைப் பார்த்து வண்டியை நிறுத்திக் கும்பிட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். பாராததுபோல இருந்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

அடுத்த ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. தொழிற்பேட்டைச் சாலையில் தண்ணீர் நிற்கவில்லை. இரண்டு ஷெட்டின் தரையும் காய்ந்து கிடந்தது. அதைப் பார்க்க ஊரே குடை பிடித்துக்கொண்டு வந்து வடிகாலின் ஓரம் நின்றது. எந்த விழாவுக்கும் இத்தனை பேர் வந்ததில்லை. பந்தல் இல்லை, மைக் இல்லை, யாரும் யாரையும் அழைத்திருக்கவும் இல்லை.

ஊரிலிருந்த சென்னகேசவன் விஷயம் கேள்விப்பட்டு காரில் வந்து சேர்ந்தார். பழக்கப்படி கையை நீட்டித் தண்ணீரைச் சுட்டிக்காட்டினார். டி.வி.க்காரர்களும் வந்திருந்தார்கள்.

"சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க. அம்மா மறையறாங்க" என்றார் காமிராக்காரர். பிறகு அமலிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த அமிர்தநாதனிடம், "ஐயா, நீங்களும்" என்றார். குடையை ஒரு பெண் வாங்கிக்கொண்டாள்.

இருவரும் ஓரமாகப் போய் எதிரேயிருந்த பேக்கரியின் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். சென்னகேசவன் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார், அமிர்தநாதன் நின்றார். டீ வந்தது. இருவரும் ஊதி ஊதிக் குடித்தார்கள். சாலையில் பெண்கள் அமலியின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லிச் சிரித்தார்கள்.

"எத்தன விழா நடத்துனேன் அமிர்து" என்றார் சென்னகேசவன் கடைசியில். "ஒருக்காக்கூட ஜனம் தானா வந்ததில்ல. லாரி வெச்சுத்தான் கூட்டியாந்தேன்."

"உனக்காவது டெல்லி இருக்குது, கேசவா. ஓடிப்போயி ஒளிஞ்சுக்கலாம். நான் தெனமும் அந்த ஊட்டுக்குள்ளதான் இருக்கணும்."

"பேச்சுக்கூட ஒண்ணும் பேசலியே அவங்க."

"அதான்ப்பா. ஒரு நாலு வார்த்தை பேசியிருந்தாலாவது, அதுல ஏதாவது குத்தம் சொல்லலாம்."

சென்னகேசவன் தலையை ஆட்டினார். பேக்கரிக்காரர் வந்து, "ஏனுங்க, நீங்க அமலியம்மா ஊட்டுக்காரருதானுங்களே?" என்றார். அமிர்தநாதன் வேண்டாவெறுப்பாக ஆமாம் என்றார். பேக்கரிக்காரர் திரும்பி, "இவருங்க?" என்று கேட்டார்.

சென்னகேசவன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். அமிர்தநாதன் அவரை ஒரு தடவை பார்த்தார். பல வருஷமாக அவர் வேண்டிக்கொண்ட நேரம் அது. ஆனால் கையில் கிடைத்தபோது அவருக்கு அதில் ருசியில்லாமல் போயிற்று.

"நம்ம எம்.பி.ங்க" என்றார். "அவருக்கு இன்னொரு டீ போடுங்க."

சென்னகேசவன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். எதிரே கைதட்டல் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர்கள் ஒரே கட்சியில் இருந்தார்கள்.